கண்ணறியாக் கிருமிகள் – 7: மூச்சில் ஏறி வரும் வியாதி

சென்ற வாரம் தண்ணீரில் கலந்து வரும் காலராவைப் பற்றிச் சொன்னோம். தண்ணீரையாவது காய்ச்சிக் குடிக்கலாம். காற்றைக் காய்ச்சிச் சுவாசிக்க மார்க்கம் ஏது? பக்கத்தில் இருப்பவர் விட்ட மூச்சில் ஒரு பங்கை நாம் இழுத்தே தீரவேண்டும் என்பது ஜன நெருக்கமுள்ள பட்டணத்தின் விதி. அந்த விதியை நம்பியே ஜீவிக்கும் க்ஷயரோகக் கிருமியை இவ்வாரம் கவனிப்போம்.

மும்பை விக்ரோலி ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தானே கழியை ஒட்டி, கோத்ரெஜ் நிறுவனத்தார் காத்துவரும் அலையாத்திக் காடு பச்சைப்பசேலென்று பரந்து கிடக்கிறது. மேற்கே பார்க்சைட் குன்றின் சரிவிலோ, வர்ஷா நகர், சூரியா நகர் என்று குடியிருப்புகள் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பத்தடிக்குப் பத்தடி ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை; அதற்குள்ளேயே அடுப்பு, மோரி என்னும் குளிக்குமிடம், கட்டில், டிவி; இரும்பு ஏணி ஏறினால் வாடகைக்கு விட்ட இன்னொரு கோலி. ஜன்னல் என்று ஒன்று இருந்தாலும் அது அடுத்த வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பிற்பகலில் கூரைத் தகட்டின் ஓட்டை வழியே சாய்ந்து விழும் வெயில் கிரணத்தில் தூசி மிதப்பதை அங்கே யாரும் காணலாம்; ஆனால், அந்த வெயிலிலும் கண்ணுக்குத் தட்டுப்படாத வேறொரு பொருளும் அதே காற்றில் மிதந்துகொண்டிருக்கக் கூடும்.

சளியில் கிருமியுள்ளவர் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடுகின்றன. அவற்றால் அதிக அபாயமில்லை. சிறியவை விழுவதற்குள் உலர்ந்து, ஓரிரு கிருமிகளை மட்டும் சுமந்த, ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களாகி, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்காகச் சஞ்சரிக்கின்றன. இருமியவர் எழுந்து வெளியே போன பின்னும் அவருடைய மூச்சு அறையில் தங்கியிருக்கிறது என்பதே இதன் தாத்பரியம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரைலி என்னும் டாக்டரும் அவர் சகாக்களும், க்ஷயரோகிகள் படுத்திருந்த வார்டின் காற்றைக் குழாய் மூலம் கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நோயாளிகளை ஒருமுறையும் அணுகியிராத அப்பிராணிகள், அவர்கள் விட்ட காற்றைச் சுவாசித்த ஒரே காரணத்தால் கிருமிக்கு ஆளாயின. புற ஊதாக் கிரணங்களால் சுத்தி செய்த காற்றைப் பெற்றவை தப்பின.

காற்றில் வந்த கிருமி உள்ளே நுழைந்தபின் சரீரம் என்ன செய்கிறது? அதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1882 மார்ச் 24-ஆம் தேதி ராபர்ட் கோக், பெர்லினில் இக்கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியின் மெஸ்ஸினாவில் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் நோக்கியபோது, நடமாடும் செல்கள் அதைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கி ஜீரணிக்கும் அத்தகைய செல்களே நம் சுவாசகோசத்தின் காற்றறைகளிலும் காவல் இருக்கின்றன. பெரும்பாலான கிருமிகளுக்கு அது முடிவு; க்ஷயக் கிருமிக்கோ அதுவே வாசஸ்தலம். மெழுகுச் சத்து மிகுந்த உறை போர்த்தி, விழுங்கிய செல்லின் ஜீரண ரசங்களுக்குத் தப்பி, ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து, அவசரமில்லாமல் அது விருத்தியடைகிறது. சில வாரங்களில் உடல் விழித்துக்கொள்கிறது. உதவிக்கு வரும் வெள்ளணுக்கள் அந்த இடத்தைச் சுற்றி அடர்ந்த கோட்டையாக வளைத்துவிட, கிருமி சாகாமல், பெருகவும் முடியாமல், உமிக்குள் கிடக்கும் நெருப்பைப் போல ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது ஆயுட்காலத்தில் என்றேனும் வியாதியாக வெளிப்படுகிறது.

போஷாக்குக் குறைவு, நீரிழிவு, புகைப் பழக்கம், எச்.ஐ.வி. ஆகிய இவற்றால் காவல் தளரும்போது கோட்டை உடைகிறது. இதில் ஒரு விபரீதம் உண்டு: நுரையீரலைக் குடைந்து குழியாக்குவதில் கிருமியைவிட, அதன்மீது உடல் காட்டும் கோபத்துக்கே அதிகப் பங்கு. அந்தக் குழி மூச்சுக் குழாயோடு திறந்துகொள்ள, வெளியே தள்ளுவதற்காக உடல் இருமும் இருமலிலேயே ஏறி, கிருமி அடுத்த வீட்டுக்குப் பிரயாணமாகிறது. நம்மைக் காப்பதற்கு ஏற்பட்ட செயலே நோய்க்கு வாகனமாகிவிடுகிறது.

இதற்கு அஞ்சித்தான் ஒரு காலத்தில் நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டைப் பரீட்சித்துப் பார்த்தது நம் சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலுமாக ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு ஆகாரமும் குறைவு, ஓய்வும் குறைவு, நெரிசலோ அதிகம். ஆயினும் 1959-இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவாரும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தனர். குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததிலும், நோயாளி வீட்டில் இருந்ததால் நோய் கூடுதலாகப் பரவியதாகத் தெரியவில்லை. மருந்து தொடங்கியதும் தொற்றும் சக்தி விரைவில் குன்றிவிடுகிறது. பரவவேண்டியது பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரியுமுன்பே பரவிவிடுகிறது.

"தட்டு, டம்ளரெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டோம்ண்ணே" என்று பார்க்சைட் குன்றுப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். பாத்திரத்தில் வராத வியாதிக்குப் பாத்திரத்தை ஒதுக்கி, அந்த அவமானத்துக்குப் பயந்தே இருமலை மறைக்க வைத்து, மறைத்த மாதங்களில் வீடு முழுவதற்கும் கிருமியைப் பங்கிட்டுக் கொடுப்பதைவிட அவிவேகம் வேறில்லை. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கவேண்டும்; சாதாரண க்ஷயமாயின் ஆறு மாதம், சுகம் தெரிந்தபின்னும் நிறுத்தாமல், சர்க்கார் இலவசமாகத் தரும் மருந்தை உண்ணவேண்டும். பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்கிறது; அந்தத் தொல்லையை இன்று அதிகம் அனுபவிக்கும் நகரங்களில் மும்பையும் ஒன்று. வீட்டாருக்கு வேண்டியதோ சோறும் காற்றும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கியதாலேயே அவர்களிடையே புதிதாக க்ஷயம் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. ஆகவே, ஒதுக்கவேண்டியது தட்டை அல்ல. அதில் பருப்பையும் முட்டையையும் சேர்த்து, எதிர்ச்சுவர் மறைத்த ஜன்னலுக்குப் பதில் கூரையிலாவது ஒரு திறப்பு வைப்பதே காரியம்.

மெச்னிகாவிடம் பாடம் கேட்ட ஹாஃப்கின் என்ற மாணவர் பம்பாய்க்கு வந்து, தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரி 10-இல் முதலில் தமக்கே போட்டுக்கொண்ட வரலாற்றை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)