பிரசவ வலி: ஒருத்திக்கு நாலு மணி நேரம், இன்னொருத்திக்கு ஒரு நாள் – ஏன்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பை எண்ணி, நோட்டில் எழுதி முடித்த பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு கர்ப்பிணி பக்கத்தில் இருந்தால் பிள்ளைப்பேறு பற்றித்தான் வந்து நிற்கும். "எனக்கு விடியக்காலையில வலி வந்துச்சு, மத்தியானத்துக்குள்ள பொறந்துடுச்சு" என்பார் ஒருவர். "என் மகளுக்கு ரெண்டு ராத்திரி இழுத்துச்சு" என்பார் இன்னொருவர். உடனே மூன்றாவது ஒருவர், "இப்ப இருக்கிற பொண்ணுங்க குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறதில்ல, அதான்" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போவதை நாங்கள் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறோம்.

பிரசவ நேரம் கூடுவதற்கும் குறைவதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெண்ணின் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு நன்மைகள். ஒன்று, வீண் பழி போகும். இரண்டு, எப்போது பொறுமையாக இருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது தெரியும். இரண்டாவது, உயிரைக் காக்கும் விஷயம்.

எங்கிருந்து எண்ணுகிறோம்?

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஒருவர் இடுப்பில் லேசாகச் சுருக்கென்று இழுத்த நேரத்திலிருந்து எண்ணி "ஒரு நாள் வலி" என்கிறார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்திலிருந்து எண்ணி "நாலு மணி நேரம்" என்கிறார். இரண்டு பேருக்கும் உண்மையில் ஒரே நேரம் ஆகியிருக்கலாம்! அதனால் மணியை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பேசினால் கணக்கு தப்பிவிடும்.

நம்மூரில் சூட்டு வலி, பொய் வலி என்று சொல்வதும் உண்டு. அது ஒழுங்கில்லாமல் வரும். நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். நிஜமான பிரசவ வலி விட்டு விட்டு வந்தாலும் ஒழுங்காக வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வலி கூடும், படுத்தாலும் அடங்காது.

சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள்

பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்கும்? கருப்பை அப்படித்தான். வாய் கீழே இருக்கிறது. பத்து மாதமும் அந்த வாய் இறுக மூடியிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறது. பிரசவ வலி என்பது கருப்பைத் தசை சுருங்கி விரிவது. ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அந்த வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துத் திறக்கிறது. முழுவதும் திறந்தால் 10 செ.மீ., அதாவது சுமார் 4 அங்குலம்.

இதில் முதல் கட்டம் இரண்டு பகுதி. கருப்பை வாய் மெலிந்து 5 செ.மீ. வரை திறப்பது முதல் பகுதி. இது ரொம்ப மெதுவாக நடக்கும். சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். இதற்கு இத்தனை மணி என்று எல்லை கட்ட முடியாது. 5 செ.மீ.-லிருந்து 10 செ.மீ. வரை இரண்டாவது பகுதி. இது பெரும்பாலும் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்தையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டாது.

அடுத்த கட்டம், முக்கிப் பெற்றெடுப்பது. தலைப்பிரசவத்தில் 3 மணி நேரத்துக்குள்ளும், அடுத்ததில் 2 மணி நேரத்துக்குள்ளும் பெரும்பாலும் முடிந்துவிடும். கடைசியாக நஞ்சுக்கொடி விழ வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் விழாமல் இருந்தால் ஆபத்து.

நேரம் ஏன் மாறுகிறது?

1. தலைச்சனா, அடுத்ததா? புதுச் சுருக்குப்பையின் கயிறு சுலபமாக இளகாது. தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் முதலில் மெலியும், பிறகுதான் நன்றாகத் திறக்கும். அடுத்த பிரசவத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதனால்தான் மூத்ததற்கு ஒரு நாள் இழுத்தவருக்கு இளையது சீக்கிரம் பிறக்கிறது.

2. குழந்தை இருக்கும் விதம். குழந்தை தலைகீழாக, முகம் தாயின் முதுகுப் பக்கம் பார்த்து, தாடையை நெஞ்சில் பதித்து இருந்தால் தலை சுலபமாக இறங்கும். முகம் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்து இருந்தால் தலை சுற்றித் திரும்பி வர நேரம் எடுக்கும். இந்தப் பெண்களுக்குக் குறுக்கு வலி அதிகமாக இருக்கும். குழந்தை பெரிதாக இருந்தாலும் நேரம் கூடலாம்.

3. வழி. தாயின் இடுப்பெலும்புக்குள் குழந்தையின் தலை நுழைந்து வர வேண்டும். 18 வயது ஆகாத பெண்ணின் எலும்பு முழுசாக வளர்ந்திருக்காது. சின்ன வயதிலிருந்தே சத்தில்லாமல் வளர்ந்து உயரம் குறைந்த பெண்ணுக்கும் இடுப்பு குறுகலாக இருக்கலாம். யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! பெண் குழந்தைதானே என்று தட்டில் முட்டையையும் பாலையும் குறைத்தால், அது இருபது வருஷம் கழித்துப் பிரசவ அறையில் வந்து நிற்கிறது. பிள்ளையைப் படிக்க வைக்காமல் சின்ன வயதில் கட்டிக் கொடுப்பதும் அப்படித்தான்.

4. கருப்பையின் பலம். வலி ஒழுங்காகவும் பலமாகவும் வந்தால் வாய் திறக்கும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், தூங்காமல் தாய் சோர்ந்துபோனால் வலியும் சோரலாம். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் தலை இறங்கத் தடையாகும். உடல் பருமன் அதிகமாக இருந்தாலும் நேரம் கூடுவது உண்டு.

5. மனசு. வலியை வரவைப்பது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. பயம், பதற்றம் வந்தால் அட்ரினலின் என்ற வேறொரு சுரப்பு அதிகமாகி, கருப்பையின் வேலையைத் தடுக்கலாம். "கத்தாதே", "மத்தவங்க எல்லாம் பெத்துக்கலையா?" என்று அதட்டினால் பிரசவம் சீக்கிரம் நடக்காது. பயம்தான் கூடும்.

அப்படியானால் வேலை செய்வதற்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமே இல்லையா? டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, கர்ப்ப காலத்தில் நடப்பதும் சாதாரண வீட்டு வேலை செய்வதும் உடம்புக்கு நல்லது. ஆனால் நிறைமாதத்தில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவருக்கும் பிரசவம் இழுத்திருக்கிறது, உட்கார்ந்து தைக்கிறவருக்கும் சட்டென்று ஆகியிருக்கிறது. குழந்தையின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அம்மிக்கல் தீர்மானிப்பதில்லை!

மணிக்கு ஒரு செ.மீ. என்ற பழைய கணக்கு

1955-ல் அமெரிக்காவில் இமானுவேல் ஃப்ரீட்மேன் என்ற மருத்துவர், தலைப்பிரசவம் கண்ட 500 பெண்களின் பிரசவ நேரத்தைக் கோடு போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு வந்த பல ஆண்டுகள், மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் அளவுகோலாக இருந்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம், எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்று சொன்னது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், மெதுவாகத் திறக்கிறது என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தத் தேவையில்லை என்றது. அதாவது, பெரிய பெரிய மருத்துவர்களே "ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு மாதிரி" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நாம் மட்டும் ஏன் ஒப்பிட்டுப் பேச வேண்டும்?

அவசரப்படுத்தினால் ஆபத்து

சீக்கிரம் பிறக்கட்டும் என்று வீட்டிலேயே வலி ஊசி போடச் சொல்வது மிகப் பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரியில் இந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கணக்கில்லாமல் போட்டால் கருப்பை இடைவிடாமல் சுருங்கி, குழந்தைக்கு மூச்சுத் திணறும். கருப்பையே கிழிந்தும் போகலாம். வயிற்றைப் பிடித்து அமுக்கித் தள்ளுவதும் கூடாது. விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து தாய் சோர்ந்துவிடுவார்.

அதே நேரம், "தானா பொறக்கும், பொறுங்க" என்று வீட்டில் காத்திருப்பதும் தப்பு. தலை சிக்கிக்கொண்டு மணிக்கணக்கில் இழுத்தால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பிழைத்த தாய்க்கும் மூத்திரப்பையில் ஓட்டை விழுந்து, சிறுநீர் எந்நேரமும் ஒழுகும் கொடுமை வரலாம். எல்லை தாண்டியதா இல்லையா என்பதை அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆஸ்பத்திரி. கடைசியில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தாலும் அது அந்தப் பெண்ணின் தோல்வி இல்லை.

எப்போது கிளம்ப வேண்டும்?

தலைப்பிரசவம் என்றால், 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் கிளம்பிவிட வேண்டும். ஊர் தூரமாக இருந்தாலோ, முன்பே குழந்தை பெற்றவராக இருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒழுங்கான வலி ஆரம்பித்ததும் 108-க்கு போன் செய்யுங்கள். போன தடவை இரண்டு மூன்று மணி நேரத்தில் பெற்றவர் இந்தத் தடவை பாதி வழியிலேயே பெற்றுவிடக்கூடும். சீக்கிரப் பிரசவத்திலும் உதிரப்போக்கு, கிழிசல் என்று ஆபத்து உண்டு.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்:

• பனிக்குடம் உடைந்து நீர் போனால், முக்கியமாக அது பச்சையாக இருந்தால்
• ரத்தம் போனால்
• குழந்தையின் அசைவு குறைந்தால்
• கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல் வந்தால்
• மாதம் நிறையும் முன்பே வலி வந்தால்

முன்பு ஆபரேஷன் ஆனவர்களும், செவிலியர் "ஆபத்து உள்ள கர்ப்பம்" என்று குறித்துக் கொடுத்தவர்களும் டாக்டர் சொன்ன தேதியிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

பக்கத்திலேயே ஒரு துணை இருந்து தைரியம் சொன்னால் பிரசவ நேரம் ஓரளவு குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. முதல் கட்டத்தில் படுத்தே கிடக்காமல் நிற்பதும் நடப்பதும் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்க 2016-ல் மத்திய அரசு அனுமதி அளித்தது. துணைக்குப் போகிறவர் தானும் பிரசவ வலி கண்டவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நம் குழுவில் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பஞ்சமா என்ன?

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். குழுவில் யாருக்கு எந்த மாதம் பிரசவம்? துணைக்குப் போவது யார்? இரவில் வண்டி யாருடையது? அவசரக் கடன் எவ்வளவு தயாராக இருக்கிறது? வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? கிராம சுகாதாரச் செவிலியரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது சின்ன சின்ன வேலைகள்தான். இடுப்பைத் தேய்த்துவிடுங்கள். கையைப் பிடித்து நடக்க வையுங்கள். நர்ஸம்மாவைக் கேட்டுக்கொண்டு கஞ்சி, தண்ணீர் கொடுங்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். "எனக்கு நாலு மணி நேரத்துல ஆயிடுச்சு" என்று மட்டும் அங்கே சொல்லாதீர்கள். "உன் உடம்பு அதன் வேலையைச் செய்யுது, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். அது போதும்.