வேகத்திறன் கார்களும் சர்வீஸ் பட்டறை மீதான நம்பிக்கையும்

வேகத்திறன் கார் என்பது கூடுதல் ஆற்றல் கொண்ட எஞ்சின், வலுவான பிரேக், இறுக்கமான சஸ்பென்ஷன் ஆகியவற்றுடன் தயாரிக்கப்படும் காராகும். பேச்சு வழக்கில் இதைப் 'பெர்பாமன்ஸ் கார்' என்பர். வெளித்தோற்றத்தில் சாதாரணக் காரைப் போலவே இருக்கும் வேகத்திறன் கார்களும் உண்டு. இத்தகைய காரைச் சர்வீசுக்கு விடும் எவருக்கும் ஒரு கவலை எழுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு பட்டறையில் வண்டிக்கு என்ன நடக்கும்? ஆசைக்கு ஓர் ஓட்டம் ஓட்டிப் பார்ப்பார்களோ, நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவார்களோ என்ற ஐயமே முதலில் வரும்.

இந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் மெக்கானிக்கை நம்புவது என்பதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்திருக்கின்றன. அவர் நாணயமானவரா என்பது ஒன்று. இந்த வண்டியில் வேலை செய்யத் தெரிந்தவரா என்பது மற்றொன்று. உரிமையாளர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றனர். வேகத்திறன் காருக்கு இரண்டாவது கேள்வியே பெரிது.

குமரி மாவட்டத்தின் நிலை

தமிழ்நாட்டுக்கு இவ்வகைக் கார்கள் புதியவை அல்ல. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. பந்தய ஆர்வலர்கள் பல ஆண்டுகள் விரும்பித் தேடிய கார் அது. பின்னர் 2015-இல் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோவும், 2016-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ.யும், 2017-இல் 230 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவற்றில் பல இன்று இரண்டாம், மூன்றாம் கை மாறி, வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன.

புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்தில் வெளிநாட்டு வருமானம் உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆசைப்பட்டு வாங்கிய காருக்கு இங்கே ஆள் குறைவில்லை. அதைப் பார்க்கும் கம்பெனி சர்வீஸ் நிலையம் பக்கத்தில் இருப்பதில்லை என்பதே சிக்கல். நாகர்கோவிலுக்கோ எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ கொண்டு சென்று, வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும். ஊர்ப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அங்கே அது முடியாது. சில கார்களுக்கு அந்த வழியும் இப்போது குறுகிவிட்டது. ஃபியட் கார்களின் விற்பனை இந்தியாவில் நின்றுவிட்டது. ஃபோர்டு நிறுவனம் 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022-இல் ஓய்ந்தது. அத்தகைய கார்களை வைத்திருப்போர் பலர் ஊர் மெக்கானிக்கை நம்பியிருக்க வேண்டியுள்ளது.

1872-ஆம் ஆண்டின் குதிரை

பழுது பார்க்க விட்ட பொருளைப் பற்றி இந்தியச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை 'ஒப்படைப்பு' என்ற தலைப்பில் 148-ஆம் பிரிவு முதல் விளக்குகிறது. ஒரு காரியத்துக்காகப் பொருளைக் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதே ஒப்படைப்பு. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ, அப்படி அதைக் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு.

இதில் சுவையானது 154-ஆம் பிரிவு. ஒப்படைத்த நிபந்தனைக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அப்போது நேரும் சேதத்துக்குப் பெற்றவரே ஈடு செய்ய வேண்டும். கார் இல்லாத காலத்துச் சட்டம் என்பதால் எடுத்துக்காட்டுகளில் குதிரை வருகிறது. கல்கத்தாவிலிருந்து காசிக்குச் செல்வதாகச் சொல்லி ஒருவர் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். காசிக்குப் போகாமல் கட்டாக்குக்குப் போகிறார். கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. ஈடு தர வேண்டியவர் அவரே. கவனமாக ஓட்டினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது, ஏனெனில் போன பாதையே தவறு. மார்த்தாண்டம் வரை ட்ரையல் பார்க்கச் சம்மதித்து ஒப்படைத்த காரைத் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கு ஓட்டிச் சென்றாலும் கணக்கு இதுதான்.

'வாகனம் உரிமையாளர் பொறுப்பில்' என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிடும் வழக்கம் உண்டு. அதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. 1998-இல் டில்லி தாஜ் மகால் ஓட்டலில் நிறுத்துமிட ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் கார் திருடு போனது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சீட்டில் அப்படி அச்சிட்டிருந்தாலும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்றும், தக்க கவனம் எடுத்துக்கொண்டதை முதலில் ஓட்டலே காட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அது ஓட்டல் வழக்குதான். ஆனால் நீதிமன்றம் அடிப்படையாகக் கொண்டது இதே ஒப்படைப்புச் சட்டத்தை. காருக்கான வழக்கு முடிய 21 ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மெக்கானிக்குக்கும் இச்சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உழைப்போ தொழில்திறனோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும் வரை பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. பேசிய வேலையை முடித்த பட்டறையிடம் பணம் தராமல் சாவி கேட்பதும் நம்பிக்கைக் குலைவுதான். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ட்ரையல் ஓட்டம்

யாரும் என் வண்டியை ஓட்டக் கூடாது என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. அது நடைமுறைக்கு ஒவ்வாதது. வளைவில் மட்டும் வரும் சத்தத்தையும், பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் அதிர்வையும் நிறுத்தி வைத்த வண்டியில் கண்டுபிடிக்க இயலாது. யார் ஓட்டுகிறார், எவ்வளவு தூரம், எப்படி என்பனவே கேட்க வேண்டியவை. உரிமையாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து செல்வது எல்லாவற்றிலும் எளிய வழி. பெரும்பாலான மெக்கானிக்குகள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

உரிமம் இல்லாத உதவிப் பையன் வண்டியை எடுப்பதைப் பட்டறைகள் சிறு விஷயமாகக் கருதுகின்றன. சட்டம் அப்படிக் கருதவில்லை. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கோ வாகனப் பொறுப்பாளருக்கோ மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முறுக்குவதே இந்தக் கார்களுக்கு மிகக் கெடுதல். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். தண்ணீரின் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும், எண்ணெய் முழுச் சூட்டுக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். வேகமாக ஓட்டிவிட்டு வந்து உடனே எஞ்சினை அணைப்பதும் நல்லதல்ல. டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப் படியும்.

இத்தகைய ஓட்டத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? சில கார்களில் உண்டு. போர்ஷே கார்களின் எஞ்சின் கணினி, எல்லையை மீறிய சுழற்சிகளைப் படிநிலைவாரியாகப் பதிந்து வைக்கிறது. பழைய கார் வாங்குவோர் அதைக் கேட்டுப் பார்ப்பர். செவ்ரோலே நிறுவனம் 2015 மாடல் கார்வெட்டில், வேறொருவர் ஓட்டும்போது படமும் ஒலியும் வேகமும் பதிவாகும் வசதியைத் தந்தது. ஆனால் உள்ளே இருப்பவரின் சம்மதமின்றி ஒலியைப் பதிவது அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டச் சிக்கல் ஆகலாம் என்று தெரிந்ததும், அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. இங்கு கேமரா பொருத்துவோரும் அதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. ஒளித்து வைத்த கேமராவில் பிடிபடுபவரைவிட, கேமரா இருப்பது தெரிந்து ஒழுங்காக ஓட்டுபவரே உரிமையாளருக்குத் தேவை.

கையின் தேர்ச்சி

நாணயமான மெக்கானிக் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு, ஓடோமீட்டரிலும் தெரியாது, கேமராவிலும் தெரியாது. எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பெட்ரோல் டர்போ எஞ்சின்கள் பலவற்றுக்கு '502 00' என்ற தர எண் கொண்ட எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. கெட்டித்தன்மை எண் ஒன்றாக இருப்பதாலேயே வேறொரு எண்ணெய் அதற்கு ஈடாகிவிடாது. ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவற்றில் வரும் எண்ணெயில் நனைந்த ஆறு வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று பழகிய கை அதைத் தொடாமல் விட்டுவிடும். நாணயக் குறைவால் அல்ல.

பிரேக் திரவமும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்த அளவு 155 டிகிரி மட்டுமே. மெதுவாக ஓடும் காரில் இந்த வேறுபாடு தெரியாமலே போகலாம். மலைச்சாலையில் வேகமாக இறங்கும் காரில் பிரேக் மிதி திடீரென ஆழமாகப் போகும். கடலோர ஈரக்காற்று உள்ள மாவட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

சக்கர போல்ட்டுகளுக்கும் அளவு உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் அது 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன் வைத்து அது நிற்கும் வரை இறுக்கினால் போல்ட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும். அளவு காட்டும் டார்க் ரென்ச் பட்டறைச் சுவரில் தொங்குகிறதா, தூசி படிந்து தொங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். பந்தயக் குழுக்களில் இறுக்கி முடித்த நட்டின் மேல் வண்ணக்கோடு இழுக்கும் பழக்கம் உண்டு. கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. தன் உயிரை அந்த நட்டில் வைத்து ஓட்டும் வீரருக்கும் மெக்கானிக்குக்கும் இடையே நம்பிக்கை நிறையவே உண்டு; கோடும் உண்டு.

"எல்லா வண்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லும் மெக்கானிக்கைவிட, "புக்கைப் பார்த்துட்டுச் சொல்லுகேன்" என்பவரிடம் வண்டியை விடலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

வண்டியை விடும்போது ஓடோமீட்டர் எண், எரிபொருள் அளவு, உடலில் ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றை மெக்கானிக்கின் கண்முன்னே படம் எடுக்கலாம். ஒளிந்து எடுத்தால் அது சந்தேகம். முன்னால் நின்று எடுத்தால் இருவருக்கும் சாட்சி. ஜாப் கார்டில் எண்ணெயின் தர எண்ணையும் ட்ரையல் தூரத்தையும் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பது வழக்கமான கோரிக்கையே, அவமதிப்பு ஆகாது. அதையும் வண்டி விடும்போதே சொல்லிவிட வேண்டும். மாலையில் கேட்டால் அவை பழைய இரும்புக் குவியலில் கலந்திருக்கும்.

பேசித் தீராத நிலையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். குமரி மாவட்டத்தாருக்கு அது நாகர்கோவிலில் உள்ளது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையம் ஏற்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. வழக்கறிஞர் இல்லாமலே வழக்காட முடியும். ஆனால் ஜாப் கார்டும் பணம் கட்டிய ரசீதும் இல்லாமல் வாதத்தை நிறுவுவது கடினம்.