பட்டுவாடா ஆயிற்றாம்!

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு நடந்துவருகிறது. அது எந்த நீதிமன்றத்திலும் பதிவாகாத வழக்கு. “உங்கள் பார்ஸல் ஒப்படைக்கப்பட்டது” என்று கைபேசித் திரை சொல்கிறது. “எங்களிடம் ஒன்றும் வரவில்லை” என்று வீட்டார் சொல்கிறார்கள். இவ்விரண்டில் எதை ஏற்பது என்ற கேள்வி எழும்போது பெரும்பாலும் திரையின் வாக்குக்கே மதிப்புக் கிடைக்கிறது. வீட்டுக்காரர் பொய் சொல்லுகிறார் என்று யாரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. “எங்கள் ரிக்கார்டுப்படி டெலிவரி ஆகிவிட்டதே, ஸார்” என்று மிகுந்த மரியாதையுடன் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். அந்த மரியாதையைப் பற்றியே இன்று நாம் சிறிது எழுத விரும்புகிறோம்.

இதென்ன அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கக்கூடும். புடவையோ புத்தகமோ இரண்டு நாள் பிந்தி வருவதால் குடி முழுகிவிடாது என்பது வாஸ்தவமே. ஆயினும் இந்நாட்டில் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில்தான் வீடு வந்து சேருகிறது. வங்கியின் செக் புத்தகமும், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், வக்கீல் நோட்டீஸும், தனித்து வாழும் முதியவர்களுக்கு மாதந்தோறும் வேண்டிய மருந்தும் இதே வழியில் வருகின்றன. இவற்றில் ஒன்று “பட்டுவாடா ஆயிற்று” என்று எழுதப்பட்டு, ஆனால் வராமற் போனால், அதனால் விளையும் தொல்லை அற்பமானதன்று.

டிராக்கிங் என்பது யாது? பெயரைக் கேட்டால், யாரோ ஒருவர் பார்ஸலின் பின்னாலேயே நடந்து அதன் போக்கைக் கவனித்து வருவதாகத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. பதிவு செய்யும் மேஜையில் ஒரு தடவை, பிரிப்பு நிலையங்களில் சில தடவை, பட்டுவாடா ஆபீஸில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை என்று பார்ஸலின் மேல் ஒட்டிய பார்கோடை ஒரு கருவி படிக்கிறது. படித்த நேரமும் இடமும் கணினியில் ஏறுகின்றன. இரண்டு படிப்புகளுக்கு இடையில் பார்ஸல் எங்கே இருக்கிறதென்று எந்தக் கணினிக்கும் தெரியாது. அன்றியும் அவை பெரும்பாலும் தனித்தனியே போவதில்லை. பைகளில் கட்டப்பட்டுப் போகின்றன. பை கட்டும்போது உள்ளே இன்னின்ன உருப்படிகள் என்று பட்டியல் எழுதப்படும். அதன்பின் வழியில் படிக்கப்படுவது பையின் அடையாளமே. ஓர் உருப்படி கைதவறி வேறு பைக்குள் விழுந்துவிட்டால் அதன் சரித்திரம் ஒரு பையிலும் உடல் மற்றொரு பையிலும் பிரயாணம் செய்யும். மந்தைவெளியை நெருங்கிவிட்டதாகத் திரை கூறும் பார்ஸல் அதே சமயத்தில் கோயம்புத்தூர் ரெயிலில் இருப்பது இப்படித்தான். தனியார் வியாபாரத்தில், விற்பவர் விலாசச் சீட்டை அச்சிட்ட மாத்திரத்திலேயே பிரயாணம் தொடங்கிவிட்டதுபோலத் திரை பேசுவதும் உண்டு. பொருளோ இன்னும் கிடங்கின் அலமாரியை விட்டு இறங்கியிராது. “நாளை வந்து சேரும்” என்று காட்டப்படுவதும் பழைய நாட்களின் சராசரியைக் கொண்டு போட்ட கணக்கேயாகும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஸ்பீட் போஸ்ட் உருப்படியின் எண்ணை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துக்கள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள். சர்வதேசத் தபால் ஒன்றியம் வகுத்த இம்முறையில் ஒன்பதாவது இலக்கத்துக்கு வேறு வேலையே இல்லை. முதல் எட்டு இலக்கங்களும் சரிதானா என்று காவல் காப்பதுதான் அதன் உத்தியோகம். அந்த எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்து, மீதியைக் கொண்டு அந்தக் காவல் இலக்கம் அமைக்கப்படுகிறது. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் கணினி பெரும்பாலும் உடனே மறுத்துவிடும். எண்ணுக்கு இத்தனை காவல் வைத்தவர்கள் “பட்டுவாடா ஆயிற்று” என்ற சொல்லுக்கு என்ன காவல் வைத்தார்கள்? கருவியைக் கையில் பிடித்திருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; அச்சொல் உண்மையாகிவிடுகிறது.

அவரை மட்டும் குறை கூறுவது எமது நோக்கமன்று. நமது நகரத்தின் விலாசங்கள் எவரையும் தடுமாறச் செய்யும். மாநகராட்சி கதவிலக்கங்களை மாற்றிய பிறகு சென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரு வீட்டின் புதிய எண் அதே தெருவில் நாலு வாசல் தள்ளியுள்ள வீட்டின் பழைய எண்ணாக இருக்கும். அடையாற்றில் காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் என்று எங்கு திரும்பினாலும் எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள். பேட்டையின் பெயரைக் கவனியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் போகிறவர் சரியான எண்ணில் தவறான வீட்டை அடைவார். தியாகராய நகரிலோ, ஒரு குடும்பம் வாழ்ந்த பங்களாக்கள் அடுக்குமாடிகளாகி, ஒரே கதவிலக்கத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் வசிக்கின்றன. வாசலில் ஒரு காவலாளி. பார்ஸல் அவருடைய மேஜையில் வைக்கப்படுகிறது. அவர் மாலையில் மாறிப் போகிறார். பட்டுவாடா ஆயிற்றா, ஆகவில்லையா?

1972-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று ஏற்பட்ட பின்கோடு முறை தபாலைப் பேட்டை வரையில் சரியாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. 600004 என்றால் மயிலாப்பூர், 600017 என்றால் தியாகராய நகர், 600020 என்றால் அடையாறு. அதன் பிறகு வேண்டியது மனித அறிவு. பல வருஷம் ஒரே பீட்டில் நடந்த தபாற்காரருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார், மேல்மாடிக்கு எவ்வழியாக ஏறுவது, பகலில் வீடு பூட்டியிருந்தால் எந்த உறவினரிடம் கொடுக்கலாம் என்பதெல்லாம் மனப்பாடம். இன்று பார்ஸல் கம்பெனிகளின் மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபர் சென்ற வாரம் வேறொரு பேட்டையில் இருந்தவர். அடுத்த வாரம் வேறொரு கம்பெனியில் இருக்கக்கூடும். அநேகருக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. பொழுது சாய்வதற்குள் தம்மிடமுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஏதேனும் ஒரு முடிவை அவர் எழுதியாக வேண்டும். “என்னால் போக முடியவில்லை” என்ற முடிவை எழுதினால் குற்றம் அவர் தலையில் விழும். “வீட்டில் ஆளில்லை” என்று எழுதினால் வீட்டார் தலையில் விழும். தீபாவளிக் காலத்தில் ரங்கநாதன் தெருப் பக்கம் வண்டியை நிறுத்த இடமின்றித் திண்டாடும் ஒருவர் இவ்விரண்டில் எதை எழுதுவார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுவதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த பாட்டியம்மாள் மாலையில் தாம் வீட்டில் இல்லாதிருந்ததாகத் திரையில் படிப்பது இக்காரணத்தால்தான். பொய்யை எழுதியது ஒரு கை. எழுதத் தூண்டியது கம்பெனியின் கணக்கு முறை.

சட்டத்தின் வாசலில் இது இன்னும் கடுமையாகிறது. செக் திரும்பி வந்தால், மாற்றத்தக்க ஆவணங்கள் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் பணத்தைக் கட்டாவிட்டால் குற்றம் பூர்த்தியாகிறது. கைக்கு வந்த நாள் எது? திரை காட்டும் நாள் அத்தாட்சியாகக் கோர்ட்டில் தாக்கலாகிறது. சரியான விலாசமிட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் வருஷத்துப் பொது வாசகங்கள் சட்டம் 27-வது பிரிவில் கூறுகிறது; இல்லையென்று நிரூபிக்கும் சுமை பெறாதவர் மேல் விழுகிறது. பெறவில்லை என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பது? இச்சங்கடத்தை உணர்ந்துதான் போலும், சுப்ரீம் கோர்ட்டு 2007-இல் அலவி ஹாஜி வழக்கில், நோட்டீஸ் வரவில்லை என்று சொல்பவர் சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்கலாம் என்று ஒரு வழி திறந்து வைத்தது.

பழைய ரிஜிஸ்தர் தபாலில், கேட்டுக்கொண்டால், ஓர் ஒப்புகை அட்டை உடன் செல்லும். பெற்றவரின் கையெழுத்தைத் தாங்கி அனுப்பியவரிடம் திரும்பி வரும். அது பெற்றவருடைய சாட்சியம். திரையில் வருவது கொண்டு சென்றவருடைய சாட்சியம். இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நமது இலாகாக்கள் மறந்துவருகின்றன என்பதே எமது முறையீடு.

தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? அந்நிய ஆட்சியார் 1898-இல் செய்த தபால் சட்டத்தின் 6-வது பிரிவு, தபால் தொலைந்தாலும் மாறிப் போனாலும் தாமதித்தாலும் சர்க்கார் தாமாக வெளிப்படையாய் ஏற்றுக்கொண்டதற்கு மேல் பொறுப்பில்லை என்று கூறிற்று. பிரஜைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத சர்க்காருக்கு அது பொருத்தமான சட்டமே. சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு அதை நீக்கிப் புதிய தபால் சட்டத்தை 2023-இல் நிறைவேற்றியது. 2024 ஜூன் 18 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவைப் படித்தால் என்ன காண்கிறோம்? விதிகளில் வகுக்கப்பட்டதைத் தவிர வேறு பொறுப்பு தபால் நிலையத்துக்குக் கிடையாது என்றே காண்கிறோம். நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்குப் பின்பும் கவசம் கழற்றப்படவில்லை.

கணினியின் குறிப்பை மனிதர் வாக்குக்கு மேலாக வைத்தால் காரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டனின் தபால் இலாகாவே உதாரணம். அங்கே ஃபுஜிட்ஸு கம்பெனியின் ‘ஹொரைஸன்’ என்ற கணக்கு மென்பொருள் கிளைத் தபால் நிலையங்களில் பணம் குறைவதாகக் காட்டிற்று. நிலையங்களை நடத்தியவர்கள் தாங்கள் எடுக்கவில்லை என்று கதறினார்கள். மென்பொருள் தவறாது என்று வைத்துக்கொண்டு, 1999 முதல் 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இந்திய வம்சத்தவரான சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாக இருக்கும்போது சிறைக்கு அனுப்பப்பட்டார். 2021-இல்தான் அத்தீர்ப்பு ரத்தாயிற்று. மென்பொருளில்தான் பிழை என்று லண்டன் ஹைகோர்ட்டு 2019-இல் கண்டது. பார்ஸல் எங்கே, சிறைவாசம் எங்கே என்று கேட்கலாம். இரண்டிலும் வேர் ஒன்றே: ஒரு கட்சிக்காரர் எழுதிய குறிப்பேடு, எதிர்க்கட்சிக்காரர் அதில் ஒரு வரி எழுதவும் இடமில்லாமல், சாட்சியமாகிவிட்டது.

திரையின் மேல் நம்பிக்கை குலைந்த இடத்தில் வஞ்சகர்களும் புகுந்துவிட்டார்கள். “விலாசம் குறைவாக இருப்பதால் உங்கள் பார்ஸல் நிற்கிறது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்” என்று தபால் இலாகாவின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் போலியானவை என மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-இல் எச்சரித்தது. உங்கள் பெயரில் வந்த பார்ஸலில் போதைப் பொருள் இருக்கிறது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியைக் குறித்துப் பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் பேசினார். உண்மையான இலாகாவே பாதி நேரம் புரியாத செய்தி அனுப்பும்போது, போலிச் செய்தியை ஜனங்கள் எப்படிப் பிரித்தறிவார்கள்? இத்தகைய மோசடிக்கு ஆளானவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தபால் இலாகா ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2025-இல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்டுடன் இணைத்தது. 2025 அக்டோபர் 1 முதல் வந்த கட்டண விகிதத்தில், வரியுடன் 5 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், குறித்த நபரிடமே கொடுக்கும்படியோ, அவர் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன பிறகே கொடுக்கும்படியோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். முக்கியமான காகிதம் அனுப்புகிறவர்கள் இந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்கலாகாது. ஓ.டி.பி. எண்ணைப் பொருள் கைக்கு வந்த பிறகு வாசலில்தான் சொல்ல வேண்டும். தெருமுனையிலிருந்து தொலைபேசியில் கேட்பவருக்குச் சொன்னால் காவலையே கையில் எடுத்துக் கொடுத்ததாகும். வராத பார்ஸல் வந்ததாகத் திரை காட்டினால் அன்றைக்கே அத்திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எழுத்து மூலம் பிராது கொடுப்பது நலம். அக்குறிப்பு எந்நாளும் இணையத்தில் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இணைய வியாபாரிகளானால், 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி, அவர்களுடைய குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்தில் பிராதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்யக் கடமைப்பட்டவர். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இவையெல்லாம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதைகள். இலாகாவிடம் நாம் கேட்பது வேறொன்று. “பட்டுவாடா ஆயிற்று” என்று திரையில் தோன்றும் வரிக்குக் கீழே, பெறுபவர் “எனக்குக் கிடைக்கவில்லை” என்று தேதியுடன் பதிவு செய்ய ஒரு வரி வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் அச்சுப் பிரதியிலும் அவ்வரி இருக்க வேண்டும். காவலாளியிடம் கொடுத்ததற்கும், வாசலில் வைத்ததற்கும், உரியவர் கையில் கொடுத்ததற்கும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். இலாகா 2025 ஆகஸ்டில் தேசமெங்கும் கொண்டுவந்த புதிய மென்பொருள், மைசூரிலுள்ள இலாகாவின் சொந்த நிலையத்தில் நம்மவர்களே ஆக்கியது. அதில் ஒரு வரியைக் கூட்டுவதற்கு வெளிநாட்டுக் கம்பெனி எதனுடைய தயவும் வேண்டியதில்லை. பார்லிமெண்டில் புதிய சட்டமும் வேண்டியதில்லை.