கடலோரத்தில் ஓரிரவு: எங்கே தங்குவது?

கோடை விடுமுறை வந்தால் லண்டனில் வாழும் எம்மவர் பலருக்கு முதலில் நினைவில் வருவது பிறைற்றன் கடற்கரை. விக்ரோறியா நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனாலும் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எமக்கு, ஓரிரவாவது அங்கே தங்கி அலையோசை கேட்கவேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் போகும் குடும்பத்துக்கு, எந்தப் பகுதியில் தங்குவது என்பது சின்ன விடயமல்ல.

கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று பார்த்தே பலரும் இடம் பிடிக்கிறார்கள். எம்மோடு வருபவர்களில் யாருக்கு நடப்பது கஷ்டம், யாருக்கு நித்திரை குழம்பக் கூடாது என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் நகர மையம். புகையிரத நிலையத்திலிருந்து குயின்ஸ் றோட் வழியாக நேரே இறங்கினால் கால்மணி நேரத்தில் கடல் வந்துவிடும். போகும்போது இறக்கம். திரும்பும்போது பெட்டியையும் பிள்ளையின் தள்ளுவண்டியையும் மேட்டில் தள்ளவேண்டும். 1899இல் திறக்கப்பட்ட பலஸ் பியரும் றோயல் பவிலியன் மாளிகையும் நடைதூரத்தில் உள்ளன. முதலாம் உலகப் போரில் காயமடைந்த இந்தியப் படையினருக்கு 1914 முதல் 1916 வரை இந்த மாளிகையே வைத்தியசாலையாக இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம். ஆனால் வெஸ்ற் ஸ்ரீற் பகுதியில் மதுச்சாலைகளும் நடனக் கூடங்களும் அதிகம். வெள்ளி, சனி இரவுகளில் கைக்குழந்தையோடு அங்கே தங்கினால் தூக்கம் இராது.

பியருக்குக் கிழக்கே கெம்ப்ரவுண். சிறிய தங்குவிடுதிகள் நிறைய உண்டு. பெரும்பாலானவை ஒடுங்கிய பழைய மாடிவீடுகள். மின்தூக்கி இல்லாதவையும் பல. முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு நான்காம் மாடியில் அறை கிடைத்தால் பயணமே தண்டனையாகிவிடும். வீதி உயரத்தில் இருக்கிறது. கடற்கரைக்குப் படிகளாலோ சரிவாலோ இறங்கவேண்டும். நகரின் பெரிய வைத்தியசாலை இப்பகுதியில் இருப்பது நோயாளரோடு போவோருக்கு ஆறுதல்.

மேற்கே ஹோவ். விக்ரோறியாவிலிருந்து நேரடிப் புகையிரதம் உண்டு. நிலையத்திலிருந்து கடலுக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை. இரவில் அமைதி. கடலை ஒட்டிப் பரந்த புல்வெளிகள் உள்ளன. சேர்ச் றோட்டில் கடைகள் இருக்கின்றன. சமையலறையோடு கூடிய தொடர்மாடி வீடு கிடைத்தால் சோறு, கறி நாமே சமைக்கலாம்; சாப்பாட்டுச் செலவு பெரிதும் குறையும். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு ஹோவையே நாம் முதலில் சொல்வோம். பியருக்குப் போக பஸ் உண்டு.

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: அறை எத்தனையாவது மாடி? மின்தூக்கி உண்டா? பிள்ளைகளும் ஒரே அறையில் தங்கலாமா? வர முடியாமற் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? வார இறுதியை விட ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகள் பொதுவாக மலிவு.

எங்கே தங்கினாலும் ஒன்றை மறவாதீர்கள். இங்கே எமது ஊர் போல வெண்மணல் இல்லை, முழுவதும் கூழாங்கற்கள். பிள்ளைகளுக்குக் காலணி வேண்டும். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடும், தண்ணீரும் குளிர். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில், உயிர்காப்போர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராமல், உள்நாட்டு அமைச்சு கொடுத்த இடத்தில் இருப்பவர்கள் வெளியே இரவு தங்குமுன் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கையொப்பமிடும் நாளோடு பயணம் மோதக் கூடாது.

கடைசியாக ஒன்று. கடல் தெரியும் அறைக்குக் கட்டணம் கூட. எமது முதியவர்களில் சிலருக்குக் கடல் என்றால் பிறந்த ஊர் மட்டுமல்ல, ஓடிவந்த இரவும் நினைவுக்கு வரும். அந்த அறையைப் பதிவு செய்யுமுன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்பக்கத்து அமைதியான அறையே அவர்களுக்கு விருப்பமாக இருக்கக்கூடும்.