நஞ்சுக்கொடிக்கு நரை விழுந்தால்...

2008-ம் வருஷம். குரோம்பேட்டையில் என் அக்காவுக்கு வளைகாப்பு. பல்லாவரம் சந்தை வரை அலைந்து வாங்கி வந்த கண்ணாடி வளையல் ஒன்றுகூட கையில் ஏறவில்லை. "பொண்ணு பூசினாப்ல ஆயிட்டா!" என்று ஒரு பாட்டி சொல்ல, கூடமே சிரித்தது. நானும்தான்.

இரண்டு வாரத்தில் அக்காவுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. கண் முன்னால் மின்மினி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பி.பி. 170/110! அன்றைக்கே ஆபரேஷன். எட்டு மாசம்கூட முடியாத பையன், ஒன்றரைக் கிலோ.

வராந்தாவில் அத்தானின் அம்மா ஆரம்பித்தார்: "எங்க வம்சத்துல யாருக்கும் பி.பி. கிடையாது. எல்லாம் பொண்ணு வீட்டுச் சீக்கு!" எங்கம்மா பதில் பேசவில்லை. அழுதாள்.

அந்தத் தீர்ப்பு சரியா? அப்பீல் போவோம்.

வியாதியின் பெயர் பிரீ எக்ளாம்ப்சியா. இருபது வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொடும். கூடவே சிறுநீரில் புரதம் போகும், அல்லது கிட்னி, கல்லீரல் தடுமாறும். முற்றினால் வலிப்பு.

மூல காரணம் இருப்பது நஞ்சுக்கொடியில். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதன் செல்கள் கருப்பைக்குள் புகுந்து, சந்து மாதிரி இருக்கும் ரத்தக் குழாய்களை ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி அகலப்படுத்த வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றால் ரத்தம் முட்டி மோதி வரும், ஆக்ஸிஜன் குறையும், செல்கள் சீக்கிரம் கிழடு தட்டும்.

பி.காமில் எங்களுக்குத் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. நஞ்சுக்கொடி நாற்பது வாரத்துக்கென்றே வாங்கிய மெஷின். கடைசியில் தேய்வது இயற்கை. முப்பதாவது வாரத்திலேயே மொத்தமும் தேய்ந்து போனால்? நம் குரோமோசோம்களின் நுனியில், புடவைத் தலைப்பின் முடிச்சு மாதிரி, இழை பிரியாமல் காக்கும் 'டெலோமியர்' உண்டு. வயதாக ஆக அது குட்டையாகும். பிரீ எக்ளாம்ப்சியா வந்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் அது முன்கூட்டியே குட்டையாகியிருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

தவித்துப் போன நஞ்சுக்கொடி சும்மா இருக்குமா? எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாய்களை நல்லபடி வைத்திருக்கும் புரதங்களை அது மடக்கிப் பிடித்துக் கொள்ள, பி.பி. எகிறுகிறது. இதைத் தயாரிக்கும் ஜீன் இருப்பது 13-வது குரோமோசோமில்.

2017-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, இந்த ஜீனுக்குப் பக்கத்தில் உள்ள மாற்றத்துக்கும் வியாதிக்கும் தொடர்பு கண்டது. தாயின் ஜீனில் அல்ல, குழந்தையின் ஜீனில்! குழந்தையின் ஜீனில் பாதி யாருடையது? அப்பாவுடையது! 1998-லேயே நார்வேக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்: ஒருவரின் மனைவிக்கு இது வந்திருந்தால், அவரால் வேறொரு பெண் கர்ப்பமானாலும் அவளுக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, வராந்தா தீர்ப்பு தள்ளுபடி! இரண்டு வீட்டுக்கும் பங்கு உண்டு. குற்றவாளி யாருமில்லை.

வைத்தியத்தில் நம்ம ஊருக்கும் பெருமை உண்டு. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர் எம்.கே.கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைக் கலந்து வலிப்பை அடக்கிய முறையை 1961-ல் வெளியிட்டார். இந்தியா முழுக்க அது 'மேனன் முறை' என்றே பேசப்பட்டது. பிறகு மெக்னீசியம் சல்பேட் அந்த இடத்தைப் பிடித்தது. 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு, அது வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதாக 2002-ல் சொன்னது. அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே சின்ன அளவில் ஆஸ்பிரின் தொடங்குகிறார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் ரகத்தை அது பாதிக்கு மேல் குறைப்பதாக 2017-ல் தெரிந்தது. டாக்டர் சொன்னால் மட்டும். மெடிக்கல் ஷாப்காரர் சொல்லி அல்ல!

பிரசவத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். முடியவில்லை. இது வந்து போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் சுமார் இரண்டு மடங்கு. போன வருஷம் அக்காவுக்கு மறுபடி பி.பி. டாக்டர் கேட்டார்: "பழைய பிரசவ ஃபைல் இருக்கா?" அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுப் பல வருஷம் ஆகிறது. பத்து ரூபாய்கூடத் தேறியிருக்காது!

அந்த ஃபைலை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். வருஷம் ஒரு தடவையாவது பி.பி. பாருங்கள். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த ஒன்றரைக் கிலோ பையன் இப்போது என்னைவிட உயரம். அவன் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு நடக்கும். வளையல் ஏறவில்லை என்றால் இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன். பி.பி. மெஷினை எடுத்துக்கொண்டு வருவேன்!