ரொன்சாரின் பதினான்கு அடிகள்

பியேர் தெ ரொன்சார் 1578இல் ‘எலேனுக்கான சொனெட்டுகள்’ வெளியிட்டபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. எலேன் தெ சுர்ழேர், அரசியன்னை கத்தரீன் தெ மெதிசியின் தோழிப்பெண்களில் ஒருத்தி. அத்தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பதினான்கடிக் கவிதையில் அவள் கிழவியாகி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூல் நூற்றபடி, தான் அழகாக இருந்த காலத்தில் ரொன்சார் தன்னைப் பாடியதை எண்ணி வியக்கிறாள். காதலியின் கண், கூந்தல் பற்றி ஒரு வர்ணனைகூட இல்லை. அவள் பெயரும் இல்லை. கவிஞரின் பெயர்தான் இருக்கிறது!

பிரெஞ்சு யாப்பு குறில் நெடில் பார்ப்பதில்லை. நம் கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எழுத்தெண்ணுவதுபோல, அது உயிரொலிகளை எண்ணுகிறது. இக்கவிதையின் அடி ‘அலெக்ஸாந்த்ரேன்’; அதற்குப் பன்னிரண்டு ஒலி. ஆறாவதற்குப் பின் ஒரு நிறுத்தம். சொல்லின் கடைசியில் தேய்ந்து ஒலிக்கும் எகரம் மட்டும் கொஞ்சம் விளையாடும். அடிக்கு நடுவே, பின்னால் மெய் வந்தால் கணக்கில் சேரும். உயிர் வந்தால் நம் குற்றியலுகரம்போல மறைந்துவிடும். கவிதையின் முதல் அடியின் முன்பாதி ‘முதியவள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் முடிகிறது. அதன் எகரம் அடுத்த சொல்லின் உயிரில் கரைய, நிறுத்தமும் மென்மையாகிறது.

அடியின் கடைசியில் அந்த எகரம் எண்ணப்படாது. ஆனால் அதில் முடியும் இயைபு ‘பெண்பால்’, மற்றது ‘ஆண்பால்’. இரண்டும் மாறிமாறி வரவேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றதில் ரொன்சாருக்குப் பெரிய பங்குண்டு. இங்கே முதல் எட்டு அடிகளுக்கு இரண்டே இயைபுகள். 1, 4, 5, 8ஆம் அடிகளை முடிக்கும் சொற்களின் பொருளை மட்டும் பாருங்கள்: மெழுகுவர்த்தி, அழகி, செய்தி, அழியாதது. எரிந்து தீரும் திரியையும் அழியாப் புகழையும் ஒரே ஓசை பிணைக்கிறது.

என்னை வியக்கவைப்பது கடைசி மூன்றடி. பன்னிரண்டாம் அடிவரை எதிர்காலச் சித்திரம்: அவர் மண்ணுக்குள், அவள் அடுப்பங்கரையில் கூனிக் குறுகி, தன் அலட்சியத்தை எண்ணி வருந்துகிறாள். பதின்மூன்றில் சட்டென்று ஏவல் வினை. இன்றே வாழச் சொல்கிறார். இலக்கணம் அங்கே அறுந்தாலும் இயைபு அறுவதில்லை. 12ஆம் அடியை முடிக்கும் ‘அலட்சியம்’ 13இன் ‘நாளை’யோடு இயைகிறது. 11இல் கூனி அமர்ந்தவளைக் குறித்த சொல்லுக்கு 14இல் ஜோடியாக வருவது ‘வாழ்க்கை’. வாதத்தைக் கவிஞர் வாய்விட்டு விளக்கவில்லை. கேட்பவரின் காதே அந்த எதிர்காலத்தையும் இந்த ஏவலையும் கோத்துவிடுகிறது.