பல் மருத்துவப் படிப்புக்கு ஒரு பக்கம் எழுதுவது எப்படி?

தண்டவாளத்தோடு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கும் பல் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் சிவில் டிப்ளமா படித்து, பாகாலாவிலும் ரேணிகுண்டாவிலும் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கிலாந்தில் பிளஸ் டூவுக்கு நிகரான வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்குச் சென்ற ஆண்டு உதவி செய்யப் போய், இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

நம் நாட்டில் பி.டி.எஸ். சேர நீட் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு. 720க்கு எவ்வளவு என்று பார்ப்பார்களே தவிர, ஏன் படிக்க வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் மதிப்பெண்ணோடு இதையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். பர்சனல் ஸ்டேட்மெண்ட் என்று அதற்குப் பெயர். தன்னிலை விளக்கம் என்று தமிழில் சொல்லலாம். ரயில்வேயில் விளக்கம் கேட்டு மெமோ வந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். இது அப்படிப்பட்ட விளக்கம் அல்ல; பயப்பட வேண்டாம்.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது அமைப்பு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பல் மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு இடங்களைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கடைசி நாள் அக்டோபர் 15. மற்றப் பல படிப்புகளுக்கு ஜனவரி வரை அவகாசம் உண்டு, இதற்குக் கிடையாது. இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும். 2026இல் கல்லூரி சேர்பவர்களிலிருந்து இதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய்? உன் பள்ளிப் படிப்பு இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படிப் பயன்படும்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள் வேண்டும். நான்கு கல்லூரிகளுக்கும் ஒரே விளக்கம்தான் போகும். ஆகையால் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிப் புகழக் கூடாது.

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் பல் மருத்துவம். அங்கே பொது விண்ணப்பத்தில் 4,500 எழுத்துகள். இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டம் தரும் தனி வழி இருக்கிறது. அதற்கும் இந்த விளக்கம் உண்டு. ஆனால் அவர்கள் ஏற்கெனவே டாக்டர்கள். ஏன் பல் மருத்துவம் என்று எழுதினால் போதாது. இதுவரை எந்த நோயாளியைப் பார்த்தேன், எதில் எனக்குப் போதாமை தெரிந்தது, அங்கே எதைக் கற்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

இனி என் பேத்தியின் கதை. கோடை விடுமுறைக்குத் திருப்பதிக்கு வந்திருந்தாள். அவள் எழுதிய முதல் வரைவைப் படித்துக் காட்டச் சொன்னேன். சிறு வயது முதலே சேவை செய்ய ஆசை, புன்னகையே மனிதனுக்கு அழகு, கடின உழைப்பாளி நான் என்றெல்லாம் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் அவள் இல்லை. யார் பெயரை வேண்டுமானாலும் அடியில் போடலாம்.

நான் என் பழைய தொழிலை வைத்துச் சொன்னேன். "அம்மாடி, டிராலியில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்து, பாதை நன்றாக இருக்கிறது என்று எழுதினால் மேலதிகாரி தூக்கி எறிவார். எந்த இடம், என்ன பார்த்தேன், என்ன செய்தேன், பிறகு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். இதையும் அப்படி எழுது."

வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றியும் சொன்னேன். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவிக்கும் மனைவியருக்காக மூன்று பேர் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வைத்தது. 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். ஏன் டாக்டர் ஆனீர்கள் என்று அவரைக் கேட்டால் 'சேவை' என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது.

"எனக்கு அப்படி ஒரு ராத்திரியும் இல்லையே, தாத்தா" என்றாள்.

இருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு என் மனைவியைப் பல் வலிக்காக இங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனது அவள்தான். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்றை டாக்டர் பார்த்தார். புகையிலை போடுவீர்களா என்று தெலுங்கில் கேட்டார். என் மனைவி இல்லை என்று தலையாட்டிவிட்டாள். வெற்றிலையோடு புகையிலை வைப்பது எனக்கே தெரியாது. வெளியே வந்ததும் பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் மெதுவாகக் கேட்டிருக்கிறாள். இருபது வருஷப் பழக்கம் வெளியே வந்தது. திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார்கள். வேலூரில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. பழக்கத்தை விடாவிட்டால் அப்படி மாறக் கூடும் என்று எச்சரித்தார்கள். அன்றோடு வெற்றிலைப் பெட்டி பரணுக்குப் போயிற்று. புகையிலை சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்குப் பழக்கம் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது ஆய்வுகளில் உறுதியான உண்மை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையும் கவனியுங்கள்.

"இதையெல்லாம் எழுதினா அங்கே யாருக்குப் புரியும்?" என்று தயங்கினாள். பாட்டியிடம் அனுமதி கேள் என்றேன். "என் பெயரைப் போடாதே, மற்றதை எழுது" என்று உத்தரவு கிடைத்தது.

கதையை ஆறு வரியில் முடித்தாள். அதற்கு மேல் போனால் அது பாட்டியின் விளக்கமாகிவிடும். நோயாளி பொய் சொல்வது வெட்கத்தால் என்று தெரிந்துகொண்டதையும், பிறகு தன் ஊர்ப் பல் மருத்துவமனையில் சில நாள் உடனிருந்து டாக்டர்கள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று கவனித்ததையும் எழுதினாள். கை நிதானத்துக்குச் சான்றாக, பாட்டியிடம் மல்லிகைச் சரம் தொடுக்கக் கற்றதைச் சொன்னாள். வேதியியலில் ஒரு தேர்வில் சறுக்கியதையும், அதை எப்படிச் சரிசெய்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் உண்டு. இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. யூகாஸ், வரும் விளக்கங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் கல்லூரிக்குத் தெரிவித்துவிடும். அதைவிட முக்கியம், நேர்காணலில் எழுதியதிலிருந்துதான் கேட்கக் கூடும். இரவல் கதைக்கு இரண்டாவது கேள்வியிலேயே பதில் இருக்காது. பெரியவர்களாகிய நாம் கேள்வி கேட்கலாம். பேனாவைப் பிடுங்கக் கூடாது.

நான்கு கல்லூரிகளில் ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. பாட்டி ஏன் முதலில் மறைத்தார் என்றுதான் அங்கே அதிக நேரம் கேட்டார்களாம். இடம் கிடைத்ததா என்பது இதை எழுதும்போது தெரியாது. கிடைத்தால் அடுத்த இதழில் சொல்கிறேன். கிடைக்காவிட்டாலும், அந்தப் பக்கத்தைப் பாட்டி பூஜை அறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.